ஏற்பிகள் திரும்பி வருகின்றன

பினாங்கு,
3 பிப்ரவரி 2025

அண்ணே,

நேற்று செமோர் வரை வந்துவிட்டு உன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினேன். இல்லத்து அலுவலக வாசலில் பொறுப்பாளர் ராமையா ஐயா சங்கடத்தோடு நின்றார். "வரமாட்டேங்கறான்மா. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு இருக்கான். அடுத்த மாசம் வந்து பாரு லா" என்றார். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. கோயிலுக்குப் போகலாம் என்று காரில் ஏற்றி, போதை மறுவாழ்வு இல்லத்தில் உன்னை இறக்கிவிட்டவள் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் வாய் பிளந்து நீ சாய்ந்து கிடந்ததைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உங்களுக்குப் போன் தரமாட்டார்களாம், கடிதம் மட்டும்தானாம். சரி, கடிதத்திலாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் நான் என்னதான் ஆராய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேள். நம் உயிரணுக்களில் சிலவற்றின் மேல்தோலில் ஒருவகைப் புரதம் நிற்கிறது. ஏற்பி என்று பெயர். வலியைத் தணிக்க, மனதைக் குளிர்விக்க, உடம்பு தானே சில பொருள்களைச் சுரக்கும். அவற்றை வாங்கிக்கொள்வது இந்த ஏற்பிதான். அபின், மோர்ஃபின், நீ எடுத்த ஹெராயின் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான்.

எங்கள் தட்டில் வளரும் உயிரணுக்களில் ஏற்பிகள் பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறோம். மருந்து கொடுப்பதற்கு முன், ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் பச்சை வளையம். அதே மருந்தை விடாமல் கொடுத்து வைத்து, வெள்ளிக்கிழமை நுண்ணோக்கியில் பார்த்தேன். வளையம் மங்கிப் போயிருந்தது! ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டு, புள்ளி புள்ளியாகக் கிடந்தன. சிலவற்றை உயிரணு அரைத்தே தீர்த்துவிட்டது. ஓயாமல் வந்து மோதும் மருந்தைத் தாங்க முடியாமல், வாங்கும் இடங்களையே அது குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாமல் போகிறது.

பாடப் புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். ஆனால் கண்ணால் பார்த்தபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

குமுதா

*

செமோர்,
10 பிப்ரவரி 2025

குமுதா,

முறுக்கு கிடைத்தது. பாதியைப் பத்துமலை தின்றுவிட்டான். அவன் என் பக்கத்துக் கட்டில்காரன், சுங்கை சிப்புட்டில் பஸ் மெக்கானிக். ஆள் மலை மாதிரி இருப்பான், குறட்டையும் அப்படித்தான்.

கோயிலுக்கு என்றுதானே சொன்னாய்? நான் குளித்து, திருநீறு பூசி, வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். பழைய ரப்பர் பால்மரத் தோட்டத்துத் துரை பங்களாதான் இந்த இல்லம். இங்கே வேட்டியோடு வந்து இறங்கிய முதல் ஆள் நானாம். இன்றுவரை எல்லோரும் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மறக்கவில்லை.

கடிதங்களை ராமையா ஐயா படித்த பிறகுதான் எங்களிடம் தருவார். உன்னுடையதை அவர் ரொம்ப நேரம் வைத்திருந்தார். கொடுக்கும்போது, "ஒன் தங்கச்சி எழுதறது எனக்கே கொஞ்சம் புரியுதுடா. நீ ஒழுங்கா படி" என்றார். படித்தேன். மறுபடியும் படித்தேன்.

ஒன்று சொல்கிறேன். ஆரம்பத்தில் நான் அதைச் சந்தோஷத்துக்காகத்தான் எடுத்தேன். பிறகு அப்படி இல்லை. வாந்தி வராமல், கை நடுங்காமல், ஈப்போவிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போவதற்கே எடுக்க வேண்டியிருந்தது. எடுக்க எடுக்க இன்னும் வேண்டியிருந்தது. நம் ஊர் புந்தோங் முழுக்க என்னை மானம் கெட்டவன் என்றது. நீயும்தான் சொன்னாய். உன் தட்டில் இருக்கிற உயிரணுவுக்கு மானம் ஏது? அதுவும் என்னைப் போலத்தானே செய்திருக்கிறது?

ஒரே ஒரு கேள்வி. உள்ளே போனவை திரும்பி வருமா? இங்கே எனக்குச் சோறு மண் மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் சிரிக்கும்போது நான் சும்மா பல்லைக் காட்டுகிறேன். வராது என்றால் வராது என்றே சொல். பொய் சொல்லாதே. ஒருமுறை சொன்னது போதும்.

தனேஸ்வரன்

*

பினாங்கு,
24 பிப்ரவரி 2025

அண்ணே!

வருகின்றன! திரும்பி வருகின்றன!

உன் கடிதம் வந்ததும் என் ஆய்வை வழிநடத்தும் டாக்டர் கலாதேவியிடம் ஓடினேன். "மருந்தை எடுத்துவிட்ட பிறகு என்ன நடக்கிறதுன்னு நாமே பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். மற்றவர்கள் ஏற்கெனவே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றார். எனக்கும் தெரியும். "இது என் அண்ணன் கேட்ட கேள்வி டாக்டர், என் கையாலே செஞ்சு பார்க்கணும்" என்றேன்.  பிறகு தட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மருந்தில் ஊறிக் கிடந்த உயிரணுக்களை நன்றாகக் கழுவினேன். மருந்தே இல்லாத புதுக் கரைசலை ஊற்றினேன். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. முதலில் பார்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை. பயந்துவிட்டேன். உனக்கு என்னவென்று எழுதுவேன்? மறுபடி பார்த்தேன். விளிம்பில் ஏதோ லேசாகத் தெரிந்தது, என் கண்ணின் ஆசையோ என்று நினைத்தேன். அதற்கடுத்துப் பார்த்தபோது சந்தேகமே இல்லை. வளையம்! ஓர் உயிரணுவில் மட்டுமில்லை, தட்டு முழுக்க! உள்ளே கிடந்தவற்றில் சில வெளியே வந்திருக்கின்றன. அழிந்துபோனவற்றுக்குப் பதில் உயிரணு புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் டாக்டர் கலாதேவி தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ஆனாலும் வந்து குனிந்து பார்த்தார். "அண்ணனுக்கு எழுதிடு" என்றார். 

பொய் சொல்லாதே என்றாய், அதனால் இதையும் எழுதுகிறேன். தட்டில் இருக்கும் உயிரணு வேறு, முழு மனிதன் வேறு. மூளையில் மாறியது ஏற்பிகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சரியாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் பாதை அடைபட்டுப் போகவில்லை. நீ கேட்டதற்கு என் பதில் 'வரும்'.

மானம் பற்றி நீ எழுதியதை வெட்டி என் மேசை முன்னால் ஒட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையை இனி நான் சொல்ல மாட்டேன்.

குமுதா

*

செமோர்,
4 மார்ச் 2025

குமு,

கடிதம் வந்த அன்று மாலையே எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். ராமையா ஐயாவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். 'வருகின்றன' என்ற இடத்தில் பத்துமலை விசிலடித்தான். ஒருவன் எழுந்து, "அப்ப நம்ம மண்டை பூரா கெட்டுப் போவலயா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை.

இன்னொன்று கேள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையல்காரர் சன்னாசி அண்ணன் கருவாட்டுக் குழம்பு வைத்தார். ஒரு வாய் வைத்ததும், "என்னாண்ணே, உப்ப அள்ளிப் போட்டுட்டிங்களா? தாங்கல லா!" என்று கத்திவிட்டேன். மேசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளும் எதைப் போட்டாலும் மாடு மாதிரி மென்றுகொண்டிருந்தவன் நான். சன்னாசி அண்ணன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "டேய், சாமிக்கு ருசி தெரியுதுடா!" என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். உப்பு தாங்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. வழித்துச் சாப்பிட்டேன்.

எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவில் புல் வெட்டும்போது நேற்றுப் பாடிக்கொண்டிருந்தேனாம். எனக்கே தெரியாது. பத்துமலை சொன்னான்.

அவனுக்கு வரும் வாரம் விடுதலை. வீட்டுக்காரி துளசி வந்து கூட்டிப்போவாள். உன் கடிதத்தைக் கேட்டதிலிருந்து தரையில் நிற்க மாட்டேன் என்கிறான். "புது ஆளாயிட்டேன்டா" என்று கண்ணாடி முன்னால் நின்று மார்பைத் தட்டிக்கொள்கிறான். எனக்கு அடுத்த மாதக் கடைசியில். அதுவரை எழுது.

தனேஸ்

*

பினாங்கு,
11 மார்ச் 2025

அண்ணே,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினேன், உண்மையாகவே. கருவாட்டுக் குழம்பு கதையை டாக்டர் கலாதேவிக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு பாதியை எழுதினியா?" என்று கேட்டார். எந்தப் பாதி என்றேன். அவர் எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரிந்ததுதான். சந்தோஷத்தில் எழுத மறந்துவிட்டேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நீயும் ராமையா ஐயாவும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஏற்பிகள் குறைந்திருந்தபோது உன் உடம்பு பெரிய அளவையும் தாங்கிக்கொண்டது. உடம்பு பழகியிருந்ததால்தான் மற்றவனைக் கொல்லும் அளவு உன்னைக் கொல்லவில்லை. இப்போது அந்தப் பழக்கம் போய்விட்டது. சோற்றின் ருசி தெரிகிறது என்றால் மருந்தின் முழு வேகமும் தெரியும் என்றுதான் அர்த்தம். மூளையில் மூச்சை நடத்தும் பகுதியிலும் இதே ஏற்பிகள்தான் இருக்கின்றன. பழைய அளவை எடுத்தால் மூச்சு மெதுவாகும், அப்புறம் நின்றுவிடும். விட்டுவிட்டு வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் நிறைய பேர் சாகிறார்கள். நிறைய எடுத்ததால் இல்லை, பழைய அளவையே எடுத்ததால்.

நீ எடுக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நம்பினாலும் எழுதத்தான் வேண்டும். யாராவது அப்படி விழுந்து கிடந்தால்: உதடு நீலமாகும், குறட்டை மாதிரி சத்தம் வரும், தட்டினாலும் எழ மாட்டார். உடனே 999க்கு அடிக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. அதை முறிக்கும் மருந்து அவர்களிடம் இருக்கும். தூங்குகிறார் என்று விட்டுவிடவே கூடாது.

பத்துமலை அண்ணனுக்கும் அவர் கிளம்புவதற்குள் சொல்லிவிடு.

குமுதா

*

செமோர்,
14 மார்ச் 2025

குமு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: பத்துமலை உயிரோடு இருக்கிறான். இனி மெதுவாகப் படி.

நேற்றுக் காலை துளசி காரில் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் கேட் வரைக்கும் போனோம். என்னைக் கட்டிப் பிடித்தவன் காதோரம், "சாமி, வீட்டுல ஒளிச்சு வச்சது இருக்கு. இன்னைக்கு ஒரே ஒரு தடவ. பழைய அளவு. அதோட தலை முழுகிருவேன். ஒனக்கும் ஒரு பங்கு எடுத்து வக்கிறேன்" என்றான். கார் போய்விட்டது. நான் புல் வெட்டப் போய்விட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ராமையா ஐயா செம்பனைக்கு நடுவில் ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. உன் கடிதத்தை நீட்டினார். நின்றபடியே படித்தேன். பழைய அளவு என்று நீ எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் பத்துமலை காதில் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஐயா, பத்துமலை! போன் குடுங்க, துளசிக்கு அடிங்க!" என்று கத்தினேன். ஏன் என்று கேட்காமல் எண்ணை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தார்.

துளசி எடுத்தாள். பின்னால் தாளிக்கிற சத்தம்.

"எங்க அவன்?"

"குளிக்கறாருண்ணே. ரொம்ப நேரமா தண்ணி ஓடுது. நல்லா குளிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கதவத் தட்டு! இப்பவே தட்டு!"

தட்டினாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. உள்ளே குறட்டை மாதிரி கேட்கிறது என்றாள். "ஒடை! கதவ ஒடை!" என்று நான் கத்த, அவள் அலற, பக்கத்து வீட்டுச் சீனர் ஓடி வந்து கதவை உதைத்திருக்கிறார். அந்தச் சத்தம் எனக்குப் போனில் கேட்டது. அடுத்து துளசியின் குரல்: "அண்ணே, ஒதடெல்லாம் நீலமா இருக்கு! செத்துட்டாருண்ணே!"

"சாகல. நான் சொல்றத செய். பக்கத்து வீட்டு அங்கிள 999க்கு அடிக்கச் சொல்லு. அவன மல்லாக்கப் போடு. தலையப் பின்னால சாய். மூக்கப் பொத்து. வாயில ஊது."

"எனக்குத் தெரியாதுண்ணே…"

"நெஞ்சு மேல எழும்புதா பாரு. எழும்புனா நீ சரியா ஊதறேன்னு அர்த்தம். ஊது துளசி!"

ஒரு கையில் உன் கடிதம், மறு கையில் போன். நான் "ஊது" என்று சொல்லச் சொல்ல அவள் ஊதினாள். நடுவில் அழுதாள். "அழாத, மூச்சு வீணாவுது" என்று திட்டினேன். என்னைச் சுற்றி இல்லம் முழுக்க நின்றது.  சன்னாசி அண்ணன் ஒவ்வொரு முறையும் என்னோடு சேர்ந்து "ஊது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. யாரோ மலாயில் பேசினார்கள். ஊசி போட்டிருக்கிறார்கள். அப்புறம் இருமல், வாந்தி, அதன் பிறகு பத்துமலையின் குரலில் ஒரு கெட்ட வார்த்தை! அவ்வளவு அழகான கெட்ட வார்த்தையை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை, குமு. இங்கே ஒரே கூச்சல். ராமையா ஐயா அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் யார் யாரையோ கட்டிப் பிடித்தேன்.

மருத்துவமனையில் இருக்கிறான். ஊசியின் வேகம் குறைந்தால் மறுபடி மூச்சு குறையலாம் என்று கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

தனேஸ்

*

பினாங்கு,
18 மார்ச் 2025

அண்ணே,

உன் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் படித்தேன். பேருந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மலாய்க்கார அக்கா, வீட்டில் ஏதும் கெட்ட செய்தியா என்று கேட்டார். இல்லை, ரொம்ப நல்ல செய்தி என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். துளசி அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

டாக்டர் கலாதேவியும் உன் கடிதத்தைப் படித்தார். பிறகு, நுண்ணோக்கிப் படம் எடுத்தது போதும், இதை இல்லங்களில் இருப்பவர்களுக்கு எளிய தமிழில் எழுது என்றார். இரண்டையும் செய்வேன் என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை. உனக்கும் ஒரு பங்கு என்று அவர் சொன்னபோது நீ என்ன பதில் சொன்னாய் என்று நீ எழுதவில்லையே.

குமுதா

*

செமோர்,
3 ஏப்ரல் 2025

குமு,

சரி என்று சொன்னேன்.

இதை எழுத இத்தனை நாளாயிற்று. சிரித்துக்கொண்டே சொன்னேன், ஆனால் விளையாட்டுக்கு இல்லை. இந்த மாதக் கடைசியில் வெளியே வந்ததும் நேரே சுங்கை சிப்புட் போவதாகத்தான் மனதுக்குள் இருந்தது. ஒரே ஒரு தடவை, பழைய அளவு. எனக்கு ஊதுவதற்குத் துளசி மாதிரி யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என் பங்கைத் துளசி கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டாள். பத்துமலை சொன்னான்.

ஆமாம், அவன் வந்திருந்தான். தானாகவே. மெலிந்து போயிருக்கிறான், குரல் மட்டும் குறையவில்லை. ஈப்போவில், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்துக்குப் பதிந்துகொண்டிருக்கிறானாம். நர்ஸ் முன்னால் நின்று தினமும் குடிக்க வேண்டுமாம். "அதுவும் அந்த எடத்துலதான்டா ஒட்டும், ஆனா மெதுவா, அளவா. தங்கச்சிக்கிட்ட கேளு" என்று எனக்கே பாடம் எடுத்தான். நானும் பதிந்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். உன் அபிப்பிராயம் எழுது.

இங்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது. இல்லத்தை விட்டுப் போகிற ஒவ்வொருவனிடமும், கூட்டிப்போக வந்த குடும்பத்தாரிடமும் உட்கார வைத்துப் பேசியாக வேண்டும். உடம்பு திரும்பி வருகிறது என்ற நல்ல பாதி, பழைய அளவு கொல்லும் என்ற கெட்ட பாதி, எப்படி ஊத வேண்டும் என்பது, மூன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது கேட்காமல் ஆளை அனுப்பக் கூடாது. நான்தான் ராமையா ஐயாவிடம் கேட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். சொல்கிற வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் ஆள். தைப்பிங்கிலிருந்து அவனுடைய அம்மா வந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம். "எம் மவன் திரும்பத் தொடமாட்டான்னுதானே கூட்டிட்டுப் போறேன்? இதெல்லாம் எதுக்குப்பா எங்கிட்ட சொல்ற?" என்றார்.

"தொடமாட்டான்னே நம்புங்கம்மா. குளிக்கப் போனா மட்டும் கதவத் தாப்பா போடவேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

 அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "ஊதறது எப்படின்னு இன்னொரு தரம் காட்டு" என்றார். மகனையே தரையில் படுக்க வைத்துக் காட்டினேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான். அந்த அம்மா விடவில்லை, சரியாக வரும்வரை செய்து பார்த்தார்.

நேற்று ராமையா ஐயா கேட்டார்: "எல்லாருக்கும் நீ சொல்ற. இந்த மாசக் கடைசில நீ போறப்ப ஒனக்கு யாருடா சொல்லுவா?"

என் தங்கச்சி வந்து சொல்வாள் என்றேன்.

தனேஸ்